சொல்வோனும் எழுதுவோனும்: மணிக்கட்டுப் பணிப்பட்டியல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. பிரச்சினையின் இயல்பு

வரலாற்றிலே கருவிகள் தனித்துத் தோன்றுவனவல்ல. ஒரு கருவியை ஆராயுமிடத்து அதனை ஆக்கிய உழைப்பையும், அது எவருக்கு எவ்வகையிற் பயன்பட்டதென்பதையும், அதன் வரவால் எவருடைய தொழில் மாற்றமுற்றதென்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். நீராவி எந்திரம், அச்சுப்பொறி ஆகியன தொடர்பாக இத்தகைய நோக்கு நன்கு நிலைபெற்றுவிட்டது. ஆயின் அன்றாட வாழ்விற் கையாளப்படும் சிறு கருவிகளை நாம் பெரும்பாலும் வசதிகள் என்ற அளவிலேயே கருதி அமைந்துவிடுகின்றோம். அவற்றுக்கும் வரலாறு உண்டு என்பதும், அவ்வரலாறு சமூக உறவுகளின் வரலாறே என்பதும் எளிதில் நினைவுக்கு வருவதில்லை.

ஸ்மார்ட் கைக்கடிகாரத்தின் மூலம் பணிகளைக் குரலாற் பதிவுசெய்யும் வழக்கம் இத்தகைய விடயங்களுள் ஒன்று. ஒருவர் மணிக்கட்டை உயர்த்தி, 'நாளை காலை பத்து மணிக்கு வங்கிக்குச் செல்லவேண்டும்' எனக் கூறுகின்றார். கடிகாரத்திலுள்ள நுண்ணிய ஒலிவாங்கி அக்குரலை ஏற்கின்றது. அது எழுத்தாக மாற்றப்படுகின்றது. 'நாளை', 'பத்து மணி' என்பன காலக்குறிப்பாகப் பிரித்தறியப்படுகின்றன. பணி பட்டியலிற் சேர்கின்றது. மறுநாள் உரிய வேளையில் மணிக்கட்டிலே சிறு அதிர்வொன்று தோன்றி அதனை நினைவூட்டுகின்றது.

சில விநாடிகளில் முடிந்துவிடும் இச்செயலில் மூன்று நீண்ட வரலாறுகள் வந்து பொருந்துகின்றன. சொல்லி எழுதுவிக்கும் வழக்கத்தின் வரலாறு ஒன்று. கடிகாரம் மனித உடலை அணுகிவந்த வரலாறு மற்றொன்று. செய்யவேண்டியவற்றைப் பட்டியலிடும் ஒழுக்கத்தின் வரலாறு பிறிதொன்று. இம்மூன்றையும் தனித்தனியே எடுத்து, பின்னர் அவை இணைந்தவாற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டளையிடுபவர் யார், அதனை எழுதுபவர் யார், பட்டியலை வகுப்பவர் யார் என்னும் வினாக்களே இவ்வரலாறுகளை ஒன்றோடொன்று தொடர்புறுத்துவன.

2. சொல்லி எழுதுவித்தல்

எழுத்தறிவு அருகியிருந்த சமுதாயங்களில் எழுதுதல் அதிகாரத்தின் அடையாளமாகக் கருதப்பட்டதென்பது பொதுவாகக் கூறப்படுவது. இஃது ஓரளவே பொருந்தும். அதிகாரம் மிக்கவர்கள் பல இடங்களில் தாமே எழுதவில்லை; சொன்னார்கள், பிறர் எழுதினார்கள். சொல்லும் வாய்க்கும் எழுதும் கைக்கும் இடையிலான பிரிவு உடைமை வேறுபாட்டையே பிரதிபலித்தது.

உரோமானியச் சான்று இதனைத் தெளிவுறக் காட்டுகின்றது. சிசரோவின் உரைகளையும் கடிதங்களையும் எழுதியவன் டைரோ என்னும் அடிமை. கி.மு. 53இல் அவன் விடுவிக்கப்பட்டான். பேச்சின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் குறியீட்டு எழுத்துமுறை அவன் பெயராலேயே பிற்காலத்தில் வழங்கலாயிற்று. ஐரோப்பிய மடாலயங்களிலே அம்முறை பல நூற்றாண்டுகள் நிலைத்தது. கி.மு. 63இல் கற்றிலைன் சதி பற்றிய விவாதத்தின்போது கேற்றோ ஆற்றிய உரையைப் பதிவுசெய்யும்பொருட்டு, சுருக்கெழுத்திற் பயிற்றப்பட்டோரைச் செனற் சபையின் பல பக்கங்களிலும் சிசரோ அமர்த்தினார் என்று புளூட்டாக் கூறுவார். வாயுதிர்ந்த சொல்லை உடனுக்குடன் பிடித்துவைக்கும் தொழினுட்பத்தின் முதற் புகழ் ஓர் அடிமையின் பெயரோடு இணைந்திருப்பது தற்செயலானதன்று.

தமிழகத்துச் சோழராட்சியில் இதே உறவு ஒரு நிருவாக முறையாகவே வளர்ச்சியுற்றிருந்தது. அரசன் வாய்மொழியாகக் கூறும் ஆணை 'திருவாய்க் கேள்வி' எனப்பட்டது. அதனைக் கேட்டு எழுதுவோன் திருமந்திர ஓலை. அவனுக்கு மேற்பட்ட அதிகாரி திருமந்திர ஓலை நாயகம். எழுதப்பட்டது ஒப்புநோக்கப்பட்டு, புரவுவரித் திணைக்களத்தாரால் வரியிலிடப்பட்ட பின்னரே ஆணை செயலுக்கு வந்தது. முதலாம் இராசராசன் தனது 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை நாகபட்டினத்துச் சூளாமணிவர்ம விகாரைக்கு வழங்கிய செய்தியைக் கூறும் பெரிய இலெய்டன் செப்பேடுகளில் இப்படிமுறையைக் காணலாம். மன்னனின் ஒரு சொல் நிலைபெறுவதற்கு எத்தனை கைகள் உழைத்தன என்பதை அச்செப்பேடு தன்னையறியாமலே பதிவுசெய்துள்ளது. இன்று இலங்கையில் அரசாங்கப் பிரிவுகளைக் குறிக்க வழங்கும் 'திணைக்களம்' என்ற சொல் அக்காலத்து வரிப்பதிவகத்தை நினைவூட்டுவது ஈண்டு நோக்கத்தக்கது.

இவ்விரு சான்றுகளும் ஒரு பொதுவுண்மையைத் தெரிவிக்கின்றன. 'குரலாற் பதிவுசெய்தல்' புதுமையான செயலன்று. அது மிகப் பழைமையான ஒரு சலுகை. அச்சலுகைக்கான விலையை எழுதுவோன் தன் உழைப்பாற் செலுத்தினான்.

3. அலுவலகமும் மெழுகு உருளையும்

கைத்தொழிற் புரட்சியின் பின்னர் வணிகமும் ஆட்சியும் விரிவடைந்தபோது கடிதங்களின் தொகை பெருகிற்று. சொல்லி எழுதுவிக்கும் சலுகை அரசவையை விட்டு அலுவலகத்துக்கு வந்தது. ஐசாக் பிற்மன் 1837இல் வெளியிட்ட ஒலிவழிச் சுருக்கெழுத்து இத்தேவையை நிறைவேற்றியது. 1874இல் றெமிங்டன் நிறுவனம் தட்டெழுத்துப் பொறியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. இவ்விரண்டும் இணைந்து சுருக்கெழுத்தாளர், தட்டெழுத்தாளர் என்னும் புதிய தொழிலாளர் பகுதியை உருவாக்கின. ஐக்கிய அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டளவில் இத்தொழிலில் இருந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் பெண்கள். பெண்களுக்கு அலுவலக வாயில் திறந்தமை ஒரு முன்னேற்றமே. ஆயினும் சொல்வோன் ஆண், எழுதுவோள் பெண், அவளுடைய ஊதியம் குறைந்தது என்னும் புதிய படிநிலை அதனுடன் கூடவே நிலைபெற்றது.

எடிசன் 1877இல் ஒலிப்பதிவுப் பொறியை ஆக்கினார். மறு ஆண்டில் அதன் எதிர்காலம் பற்றி அவர் எழுதிய கட்டுரையிலே பயன்களின் பட்டியலில் முதலிடம் பெற்றது இசையன்று; சுருக்கெழுத்தாளரின் உதவியின்றிக் கடிதங்களைச் சொல்லிப் பதிவுசெய்தலே முதலாவதாகக் குறிக்கப்பட்டது. மனிதக்குரலைப் பொறியிற் பிடிக்கும் முயற்சிக்கு அலுவலகச் செலவைக் குறைக்கும் நோக்கம் தொடக்கத்திலிருந்தே உடனிருந்தது என்பதற்கு இது தக்க சான்று. எடிசனின் வெள்ளீயத் தகடு நீடித்து உழைக்கவில்லை. சிசெஸ்ரர் பெல்லும் சாள்ஸ் சம்னர் ரெயின்ரரும் மெழுகு பூசிய உருளையைப் பயன்படுத்தும் கிராபபோன் பொறிக்கு 1886இற் காப்புரிமை பெற்றனர். 1907இல் 'டிக்டபோன்' என்பது வணிகப்பெயராகப் பதிவாயிற்று.

இப்பொறியின் செயன்முறையைச் சற்று நுணுகி நோக்குதல் பயனுடையது. முகாமையாளர் தன் அறையிலிருந்து குழாயினுட் பேசுவார். உருளை வேறோர் அறைக்குச் செல்லும். அங்கே செவியிற் குழாய் பொருத்திய தட்டெழுத்தாளர் மிதிகட்டையால் ஒலியை நிறுத்தியும் இயக்கியும் எழுதுவார். எழுதி முடிந்ததும் உருளையின் மெழுகு சீவப்பட்டு மறுபடியும் பயன்படுத்தப்படும். சுருக்கெழுத்தாளர் முகாமையாளரின் முன்னிலையில் அமர்ந்திருந்த காலத்தில் அவருக்கு ஒரு திறமையும், அத்திறமை வழிவந்த ஓரளவு மதிப்பும் இருந்தன. உருளை வந்தபின் சொல்லும் அறையும் எழுதும் அறையும் பிரிந்தன. எழுதுவோர் சொல்வோரின் கண்ணுக்குத் தெரியாதவராயினர். வேலையைக் கூறுபோட்டு, திறன் குறைந்த கூறுகளைக் குறைந்த கூலிக்குச் செய்விக்கும் இலாபத்தை 1832இலேயே சாள்ஸ் பபேஜ் விளக்கியிருந்தார். அந்நெறி ஆலையிலிருந்து அலுவலகத்துக்குப் பரவியவாற்றை 1974இல் வெளிவந்த தமது நூலில் ஹரி பிறேவர்மன் ஆராய்ந்தார்.

இலங்கையிலும் குடியேற்ற ஆட்சியின் கீழ் இலிகிதர் வகுப்பினரின் வளர்ச்சி இவ்வுலகப் போக்கின் ஒரு கிளையே. சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் ஆங்கிலத்திற் கற்றுத் தேறுவது உத்தியோகத்துக்கான வழியாயிற்று. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூருக்குச் சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டெழுத்துப் பொறிக்கான விசைப்பலகையை வகுத்தமை, அலுவலகத்தின் மொழி ஆங்கிலமாக மட்டும் இருக்கவேண்டியதில்லை என்பதைச் செயலிற் காட்டிய முயற்சியாகும். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர், அலுவலகம் எம்மொழியைக் கேட்கும், எம்மொழியில் எழுதும் என்பது பிழைப்போடும் உரிமையோடும் பிணைந்த கேள்வியாக எம்மவருக்கு இருந்துவந்துள்ளது.

4. காலம் மணிக்கட்டுக்கு வந்தமை

இனி இரண்டாவது வரலாற்றுக்கு வருவோம். முதலாளித்துவத்தின் வளர்ச்சியிற் கடிகாரம் பெற்ற இடத்தை 1967இல் வெளியான ஈ. பி. தொம்சனின் கட்டுரை தெளிவாக எடுத்துக்காட்டியது. பயிர், கால்நடை, கடல் ஆகியவற்றின் தேவையை ஒட்டி வேலை செய்த மக்கள், மணித்தியாலத்தை ஒட்டி வேலை செய்யப் பழக்கப்பட்டனர். வேலை முடிதல் என்ற அளவுகோலை நேரம் முடிதல் என்ற அளவுகோல் பதிலீடு செய்தது. சில ஆலைகளில் முதலாளிகள் கடிகாரத்தைக் காலையில் முன்தள்ளியும் மாலையிற் பின்தள்ளியும் வைத்தனர்; தொழிலாளி தன்னிடம் ஒரு கடிகாரம் வைத்திருப்பது ஐயத்துக்குரிய செயலாக நோக்கப்பட்டது. தன் நேரத்தைத் தானே அளக்கக்கூடிய தொழிலாளி தன் உரிமையையும் அளப்பான் என்ற அச்சமே இதற்குக் காரணம்.

இவ்விடத்தில் வரலாற்றின் இயங்கியலை மறத்தலாகாது. கடிகாரம் ஒடுக்குமுறைக் கருவியாக வந்தது. ஆயின் அதே கடிகாரத்தை அளவுகோலாகக் கொண்டே தொழிலாளர் வேலைநாளைக் குறைக்கும் போராட்டத்தை நடத்தினர். பிரித்தானியாவின் 1847ஆம் ஆண்டுப் பத்து மணித்தியாலச் சட்டம் அப்போராட்டத்தின் பேறு. கருவியின் இயல்பை அதனைக் கையாளும் உறவுகளே தீர்மானிக்கின்றன என்பதற்கு இதைவிட வெளிப்படையான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

முதலிற் கோபுரத்திலும், பின்னர் ஆலைச் சுவரிலும், அதன்பின் சட்டைப்பையிலும் இருந்த கடிகாரம் மணிக்கட்டுக்கு வந்தது போரின் விளைவாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை கைக்கடிகாரம் பெரும்பாலும் பெண்களின் அணிகலனாகவே கருதப்பட்டது. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்திலும், 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப் போரிலும் குறித்த நிமிடத்தில் ஒருங்கே தாக்குதல் தொடுக்கவேண்டிய தேவை எழுந்தபோது, துப்பாக்கி ஏந்திய கை பையினுட் செல்லாமலே நேரத்தைக் காணவேண்டியதாயிற்று. இதே காலப்பகுதியில் பிரடெரிக் ரெயிலர் நிறுத்தற் கடிகாரத்தைக் கையிலேந்தித் தொழிலாளரின் ஒவ்வோர் அசைவையும் அளந்து, அவ்வனுபவத்தை 1911இல் விஞ்ஞான முகாமைத்துவம் என்ற பெயரில் கோட்பாடாக்கினார். இவ்வாறு மணிக்கட்டில் அமர்ந்த கருவி, படையணியின் ஒழுங்கையும் ஆலையின் ஒழுங்கையும் தன்னுடன் கொண்டுவந்தது.

5. பட்டியல் என்னும் ஒழுக்கம்

மூன்றாவது வரலாறு பணிப்பட்டியலினுடையது. பெஞ்சமின் பிராங்ளின் தமது சுயசரிதையில் நாளொன்றை மணித்தியாலங்களாகப் பகுத்து, காலையில் எழுந்ததும் இன்று என்ன நன்மை செய்யலாம் என்று தன்னைத்தானே வினவும் ஒழுங்கினைக் குறித்திருக்கின்றார். காலத்தைப் பணமெனக் கருதவேண்டும் என்று 1748இல் இளம் வணிகருக்கு அறிவுறுத்தியவரும் அவரே. மக்ஸ் வெபர் முதலாளித்துவ மனப்பான்மையின் எடுத்துக்காட்டாகப் பிராங்ளினைத் தெரிந்தெடுத்தமை யாவரும் அறிந்ததே. சமயவாதி தன் பாவங்களைக் கணக்கிட்ட குறிப்பேடு, வணிகன் தன் பணிகளைக் கணக்கிடும் குறிப்பேடாக மாறிய நிலையை இங்கு காண்கின்றோம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வொழுக்கம் ஒரு தனித்துறையாகவே வளர்ந்தது. 2001இல் வெளிவந்து பரவலாக வாசிக்கப்பட்ட டேவிட் அலனின் நூல், மனத்தில் தோன்றும் ஒவ்வொரு கடமையையும் உடனே வெளியே பதிவுசெய்துவிடவேண்டும் என்பதைத் தன் முறையின் முதற்படியாக வைத்தது. நினைவிற் சுமப்பது மனத்தைக் களைப்படையச் செய்யும் என்பது அவருடைய வாதம். அவ்வாதத்தில் உண்மையுண்டு. ஆனால் அவ்வுண்மை எத்தகைய சமுதாயத்தில் இவ்வளவு அவசரமானதாக உணரப்பட்டது என்பதே வரலாற்றாசிரியரின் வினாவாகும். தட்டெழுத்தாளரும் செயலாளரும் அலுவலகங்களிலிருந்து குறைக்கப்பட்ட காலத்தில், அவர்கள் செய்த நினைவூட்டல், பதிதல், ஒழுங்குபடுத்தல் ஆகிய வேலைகள் மறைந்துபோகவில்லை. அவை எஞ்சியிருந்த ஒவ்வோர் உத்தியோகத்தரின் தோளிலும் பகிர்ந்து ஏற்றப்பட்டன. தனிமனிதர் தமக்குத் தாமே முகாமையாளராகவும் தமக்குத் தாமே இலிகிதராகவும் ஆகவேண்டிய நிலை ஏற்பட்டது. பணிப்பட்டியல் பற்றிய நூல்களின் பெருக்கத்துக்கு இப்பின்னணி ஒரு முக்கிய காரணமாகும்.

6. பொறி கேட்கக் கற்றமை

மேற்கூறிய மூன்று வரலாறுகளும் மணிக்கட்டில் ஒன்றுசேர்வதற்கு, எழுதுவோனின் இடத்தைப் பொறி ஏற்கவேண்டியிருந்தது. இம்முயற்சி எழுபதாண்டுகளுக்கு மேற்பட்டது.

1952இல் பெல் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட 'ஓட்றி' என்னும் பொறி பூச்சியம் முதல் ஒன்பது வரையான இலக்கங்களை மட்டும் இனங்கண்டது. அதுவும் ஒருவரின் குரலுக்கு ஏற்பச் சீர்செய்யப்பட்ட பின்னரே. 1962இல் சியாற்றில் உலகக் கண்காட்சியில் ஐ.பி.எம். நிறுவனம் காட்டிய பொறி பதினாறு சொற்களை அறிந்தது. 1969இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோன் பியர்ஸ், இத்துறையின் ஆரவாரத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். பேச்சை ஒருவர் விளங்கிக்கொள்வது அதன் பொருளை அறிந்திருப்பதாலேயே. வெறும் ஒலியை மட்டும் ஆராயும் பொறி அதனை எய்தமுடியாது என்பது அவர் கருத்தின் சாரம். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியுடன் 1971 முதல் 1976 வரை நடைபெற்ற ஆய்வுத் திட்டத்தின் பயனாக, காணெகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'ஹார்ப்பி' 1,011 சொற்களை அறியும் நிலையை அடைந்தது.

திருப்புமுனை மொழியிலக்கணத்திலிருந்து வரவில்லை, புள்ளிவிபரவியலிலிருந்து வந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பிரெடெரிக் ஜெலினெக் தலைமையிற் பணியாற்றிய குழுவினர், ஓர் ஒலித்தொடருக்கு எச்சொற்றொடர் பெரும்பாலும் பொருந்தும் என்பதைப் பெருந்தொகையான முன்னைய பேச்சிலிருந்தும் எழுத்திலிருந்தும் கணிக்கும் முறையை வளர்த்தனர். 1980களின் நடுப்பகுதியில் அவர்கள் ஆக்கிய பொறி 20,000 சொற்களைக் கையாண்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ரங்கோரா'. உலகின் மிக விரைவான தட்டெழுத்தாளர் எனப் புகழ்பெற்ற அல்பேட் ரங்கோராவின் பெயர் அது. தான் பதிலீடு செய்யவிருக்கும் தொழிலாளியின் பெயரையே பொறி சூடிக்கொண்டது. டைரோவின் பெயர் எழுத்துமுறைக்கு நிலைத்ததுபோல, ஒரு தட்டெழுத்தாளரின் பெயர் பொறிக்கு நிலைத்தது.

1997இல் இடைநிறுத்தமின்றிப் பேசுவதை எழுதும் 'டிராகன்' மென்பொருள் தனிக்கணினிகளுக்கு வந்தது. கைகளாற் தட்டெழுத இயலாதோருக்கும், தொடர்ந்த தட்டெழுத்தால் கைநோவுற்றோருக்கும் இத்தகைய மென்பொருள் உண்மையான விடுதலையாக அமைந்ததென்பதைக் குறிப்பிடாமல் விடுவது நியாயமன்று. 2012 அளவிற் செயற்கை நரம்பு வலையமைப்புகள் என்னும் கணிப்புமுறை பிழைகளை வெகுவாகக் குறைத்தது. அதற்கு முந்திய ஆண்டு ஒக்டோபரில் அப்பிள் நிறுவனம் 'சிறி' என்னும் குரலுதவியைத் தன் கைபேசியிற் சேர்த்தபோது, நினைவூட்டல்களைக் குரலால் இடுதல் அதன் முதன்மைப் பயன்களுள் ஒன்றாக இருந்தது.

மணிக்கட்டிற் பேசும் கருவி பற்றிய கற்பனை 1946இலேயே 'டிக் ரேசி' என்னும் சித்திரத் தொடரில் இடம்பெற்றுவிட்டது. செயலளவில் சாம்சுங் நிறுவனத்தின் கடிகாரம் 2013இலும், கூகிளின் மென்பொருளில் இயங்கிய கடிகாரங்கள் 2014இலும், அப்பிளின் கடிகாரம் 2015 ஏப்பிரலிலும் வெளிவந்தன. இவற்றிற் குரல் முதன்மை பெற்றதற்கு ஒரு பௌதிகக் காரணமும் உண்டு. இரண்டு விரலகலமுள்ள கண்ணாடிப்பரப்பில் விசைப்பலகையை வசதியாக அமைத்தல் இயலாது. ஆகவே கடிகாரத்திடம் எதையேனும் எழுதச்சொல்வதற்கு வாயே எளிய வழி. பணிக்குறிப்போ சில சொற்களில் அமைவது. அதில் வரும் காலச்சொற்களும் வினைகளும் திரும்பத் திரும்ப வருவன. நீண்ட உரையைக் காட்டிலும் இத்தகைய குறுந்தொடரைப் பொறி கையாளுதல் எளிது. முதலிற் குரல் தொலைதூரக் கணினிகளுக்கு அனுப்பப்பட்டே எழுத்தாக்கப்பட்டது. 2023இல் வெளியான அப்பிள் கடிகாரத்திலிருந்து அவ்வேலையின் ஒரு பகுதி கடிகாரத்துள்ளேயே நடைபெறுகின்றது.

7. மறைந்த எழுத்தரும் மறுதலைக் குரலும்

இவ்வாறு எழுதுவோன் மறைந்துவிட்டான் என்று கொள்ளலாமா? 2019ஆம் ஆண்டு வெளிவந்த செய்திகள் வேறொன்றைக் காட்டின. அவ்வாண்டு ஏப்பிரலில், வீட்டுக் குரற்கருவிகளிற் பதிவான பேச்சை அமேசன் நிறுவனத்துக்காகச் செவிமடுத்து எழுதுவோர் பொஸ்ரனிலும் கொஸ்ராறிக்காவிலும் இந்தியாவிலும் உருமேனியாவிலும் பணிபுரிவது தெரியவந்தது. ஒன்பது மணித்தியால வேலைநேரத்தில் ஒருவர் ஆயிரம் வரையான ஒலித்துண்டுகளைக் கேட்டார். யூலையில் அப்பிள் நிறுவனத்தின் ஒப்பந்தக்காரர்களும் அவ்வாறே குரற்பதிவுகளைக் கேட்டுத் தரமிட்டமை வெளியாயிற்று. பயனாளர் அறியாமலே இயங்கிப் பதிவாகும் ஒலிகள் அடிக்கடி வந்துசேர்ந்த கருவிகளுள் கைக்கடிகாரமும் ஒன்று என்று அப்பணியிலிருந்த ஒருவர் கூறினார். ஓகத்தில் அந்நிறுவனம் அம்முறையை இடைநிறுத்தி மன்னிப்புக் கோரி, இனிமேல் இசைவளித்தோரின் பதிவுகளையே கேட்பதாக அறிவித்தது. மெழுகு உருளை சென்ற மறு அறை இப்பொழுது மறு கண்டத்தில் இருந்தது. செவியிற் குழாய் பொருத்திய தட்டெழுத்தாளர் ஒழிந்துவிடவில்லை, தொலைவில் மறைந்தார்.

இதனினும் கருத்தூன்றி நோக்கவேண்டிய மற்றொரு நிலையுண்டு. 1987இல் பிற்ஸ்பேக்கில் தொடங்கப்பட்ட வொக்கலெக்ற் நிறுவனம் பண்டகசாலைத் தொழிலாளருக்கென ஒரு குரற்பொறியை உருவாக்கியது. தொழிலாளி செவியிற் கேட்பானும் இடுப்பிற் சிறு கணினியும் அணிந்துகொள்வார். எந்த வரிசைக்குச் செல்லவேண்டும், எத்தனை பொருள் எடுக்கவேண்டும் என்பதைப் பொறி சொல்லும். அவர் குறித்த இடத்தை அடைந்ததும் அங்கு ஒட்டப்பட்டுள்ள சில இலக்கங்களை உரத்துச் சொல்லவேண்டும். பொறி அதனைக் கேட்டு ஒப்புக்கொண்ட பின் அடுத்த கட்டளை வரும். பேச்சை அறியும் தொழினுட்பம் இரண்டிலும் ஒன்றே. உத்தியோகத்தர் மணிக்கட்டிடம் தன் பணியைச் சொல்கின்றார். பண்டகசாலைத் தொழிலாளியிடம் பொறி அவர் பணியைச் சொல்கின்றது. முன்னவர் விரும்பினால் பட்டியலிலிருந்து ஒன்றை நீக்கலாம், பின்னவருக்கு அவ்வுரிமையில்லை. முன்னவரின் பட்டியல் அவரது நினைவுக்குத் துணை. பின்னவரின் பட்டியல் அவரது வேகத்துக்கு அளவுகோல். இவ்வேறுபாட்டைக் காணாது குரற்பதிவின் வசதியை மட்டும் போற்றுவது, சிசரோவை மட்டும் கண்டு டைரோவைக் காணாதிருப்பதை ஒக்கும்.

முன்னவரின் சுதந்திரமும் முழுமையானதன்று. அலுவலக நேரம் முடிந்த பின்னரும், உணவருந்தும்போதும், நடக்கும்போதும் பணிகள் மனத்தில் எழுந்தவுடன் அவற்றை ஏற்க மணிக்கட்டு ஆயத்தமாயிருக்கின்றது. ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்த பின் தொழிலாளியின் மாலை அவருடையதாயிருந்தது. சங்கைத் தன் தோலிலேயே அணிந்துள்ளவருக்கு மாலை எங்கே தொடங்குகின்றது என்பது தெளிவில்லை.

8. எவருடைய குரல் கேட்கப்படுகின்றது?

பொறி எழுதுவோனாகும்போது, அது எவருடைய பேச்சை நன்கு கேட்கின்றது என்ற வினாவும் எழுகின்றது. 2020இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சுணர் முறைகளை ஒப்பிட்டனர். வெள்ளை அமெரிக்கரின் பேச்சில் நூறு சொற்களுக்கு ஏறத்தாழ 19 பிழைகளும், கறுப்பு அமெரிக்கரின் பேச்சில் ஏறத்தாழ 35 பிழைகளும் நேர்ந்தன. இங்கு பொறியிடம் காழ்ப்பு இருந்ததென்று கூறுவதிற் பொருளில்லை. எவருடைய பேச்சு அதற்குப் போதிய அளவு ஊட்டப்பட்டதோ அவருடைய பேச்சை அது அறிந்தது. சமுதாயத்திற் செவிசாய்க்கப்படாதோர் பொறியிடமும் செவிசாய்க்கப்படாதவராயினர்.

தமிழைப் பொறுத்தவரையில் 2017 ஓகத்து ஒரு முக்கிய கட்டம். அம்மாதம் கூகிள் நிறுவனம் தன் குரல்வழி எழுத்துமுறையிற் சேர்த்த முப்பது மொழிகளுள் தமிழும் சிங்களமும் இடம்பெற்றன. தமிழ் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளின் வகைகளாகக் குறிக்கப்பட்டது. ஆங்கிலம் அறியாதவரும் தம் மொழியிற் சொல்லி எழுதுவிக்கும் வாய்ப்பு இதனாற் பெருகிற்று என்பதில் ஐயமில்லை. எழுத்துக்கூட்டித் தட்டுவதற்குத் தயங்கும் முதியவருக்கு இது சிறிய பேறன்று.

ஆயினும் தமிழின் இருவழக்கு நிலை இங்கு தனிப் பிரச்சினையை எழுப்புகின்றது. பணிக்குறிப்பு என்பது தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. அதை ஒருவரும் மேடைத் தமிழிற் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்தவர் 'நாளைக்குக் கடைக்குப் போகோணும்' என்பார். தமிழகத்தவர் 'போகணும்' என்பார். எழுத்துத் தமிழோ 'போகவேண்டும்' என நிற்கும். மட்டக்களப்பாரின் வழக்கும் மலையகத்தாரின் வழக்கும் வேறு. பொறி எந்த வழக்கை மிகுதியாகக் கேட்டுப் பழகியதோ அதன் பக்கமே சாயும். தன் நினைவுக்குறிப்பையே பிறவூரார் வழக்கிற் சொல்லவேண்டிய நிலை ஏற்படின், மொழியின் மிக அந்தரங்கமான பகுதியிலும் சந்தையின் பெரும்பான்மை புகுந்துவிடும். ஈழத்தின் பல்வேறு பேச்சு வழக்குகளை முறையாகப் பதிவுசெய்து, அவற்றைப் பொதுவுடைமையாகப் பேணும் பணி மொழியியலாளருக்குரிய ஆய்வுப்பணி மட்டுமன்று. பண்பாட்டு உரிமை சார்ந்த பணியுமாகும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இதனை ஏற்றல் தகும்.

9. முடிவுரை

1930இல் பொருளியலறிஞர் கெயின்ஸ், நூறாண்டுகளில் மனிதர் வாரத்துக்குப் பதினைந்து மணித்தியாலம் வேலை செய்தாற் போதும் என்னும் நிலை வரக்கூடும் என எழுதினார். அவர் குறித்த ஆண்டு அண்மித்துவிட்டது. உற்பத்தித்திறன் அவர் எதிர்பார்த்தவாறே வளர்ந்தது. வேலைநேரம் அவர் எதிர்பார்த்தவாறு குறையவில்லை. மீதப்படும் விநாடிகள் தாமாகவே ஓய்வாக மாறுவதில்லை என்பதை இது உணர்த்துகின்றது. அவை எவருக்குச் சேரவேண்டும் என்பது, பத்து மணித்தியாலச் சட்டத்தின் காலத்திற் போலவே, போராட்டத்தாலும் அமைப்பாலும் தீர்மானிக்கப்படுவது.

சொல்லி எழுதுவிக்கும் ஆற்றல் அரசரிடமிருந்தும் அடிமையுடைமையாளரிடமிருந்தும் அலுவலக முகாமையாளரிடமிருந்தும் இறங்கி, இன்று ஓரளவு வசதியுள்ள எவருக்கும் கிட்டியுள்ளது. இவ்வளவில் அது சனநாயக முன்னேற்றமே. அதனைப் பழிப்பது வரலாற்றுணர்வாகாது. ஆனால் இக்கருவியை மதிப்பிடுவதற்கு அதன் விரைவும் செம்மையும் போதிய அளவுகோல்களல்ல. பட்டியலில் ஒரு பணியைச் சேர்க்கும் உரிமையும் நீக்கும் உரிமையும் எவரிடம் உள்ளன. பதிவான குரலைக் கேட்பவர் யார், அவருக்கு என்ன கூலி. எவ்வழக்கிற் பேசுபவர் திருத்தமின்றிக் கேட்கப்படுகின்றார். மீந்த நேரம் எவருக்கு உரித்தாகின்றது ஆகிய நான்கும் சேர்ந்தே அளவுகோலாதல் வேண்டும். ஆலைக் கடிகாரத்தைக் கண்டஞ்சிய தலைமுறையே பின்னர் அக்கடிகாரத்தைச் சான்றாகக் காட்டித் தன் நாளைக் குறுக்கிக்கொண்டது. மணிக்கட்டிற் பேசும் கடிகாரத்தையும் அவ்வாறு தம் பக்கம் திருப்பும் பொறுப்பு, அதனிடம் பேசுவோருக்கும் அதனாற் பேசப்படுவோருக்கும் பொதுவானதாகும்.